சிவப்புக் கதிரையில் இருப்பவர் எழும்வரை

எங்கள் மன்றத்தின் முழுப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதில் இரண்டு ஒற்றுப்பிழைகள் உள்ளன. வாயிற்கல்லில் பொறித்துவிட்ட பிழைகளைச் சுத்தியலால்தான் திருத்த முடியும். அதற்கு எனக்கு வயது போதாது, அல்லது கூடிவிட்டது. மாத்தளையில் உள்ளவர்களுக்கு எந்த மன்றம் என்பது இதற்குள் விளங்கியிருக்கும்.

அந்த மன்றத்தின் மண்டபத்தில் ஒரு சிவப்புக் கதிரை இருக்கிறது. ஆளுயர முதுகும், வெல்வெட்டு மெத்தையும், கைப்பிடிகளில் பொன்னிறம் பூசிய சிங்கத்தலைகளும் கொண்ட அதை, மூடப்பட்ட ஒரு திருமண மண்டபத்திலிருந்து மலிவாக வாங்கினார்கள். மணமகன் ஒருநாள் அமர்வதற்காகச் செய்யப்பட்ட அந்தக் கதிரையில் மன்றத் தலைவர் நல்லையா ஆண்டுக்கணக்காக அமர்ந்து வருகிறார். புடைவைக்கடை உரிமையாளரான அவருக்குப் பொன்னாடை ஒரு பொருட்டன்று. யார் யாருக்கு எந்த வரிசையில் போர்த்துவது என்பதுதான் பொருட்டு. சென்ற தைப்பொங்கல் விழாவில் அவருக்கு முன்பாகப் பிரதம விருந்தினருக்குப் போர்த்திவிட்ட பொருளாளர் இன்றுவரை பொருளாளராகத் தொடர்கிறார் என்றால், அந்தப் பதவிக்கு வேறொருவர் முன்வரவில்லை என்பதே காரணம்.

நன்றியுரை தொடங்கியதும் சபையோர் சிற்றுண்டி மேசையை நோக்கி ஓடுவதைக் கண்டு மனம் புண்பட்ட நல்லையா ஒரு விதி செய்தார். "சிவப்புக் கதிரையில் இருப்பவர் எழுந்து கைகூப்பும்வரை எவரும் எழக் கூடாது. அதன் பின்பே சிற்றுண்டி." இது பெரிய பதாகையாக மண்டபத்துச் சுவரில் தொங்குகிறது. தாம் வராத நாளில் உபதலைவர் அதில் அமர்ந்தாலும் அந்த மரியாதை குறையக் கூடாது என்பதற்காகவே 'தலைவர்' என்று எழுதாமல் 'கதிரையில் இருப்பவர்' என்று எழுதுவித்தார். நான் விதியை எதிர்க்கவில்லை. பதாகையில் விடுபட்டிருந்த ஒரு ககர ஒற்றைச் சுண்ணக்கட்டியால் செருகியதோடு நின்றுகொண்டேன்.

மண்டபத்தின் மற்றக் கதிரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்னிரண்டு வரிசைகளுக்கு வெள்ளை உறை போட்டிருப்பார்கள். அவை 'அழைக்கப்பட்டவர்களுக்கு' உரியவை. அழைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் வருவதில்லை. உறைகள் மட்டும் அமர்ந்து விழாவைப் பார்க்கும். அவற்றுக்குப் பின்னால் நகரத்து உறுப்பினர்கள் இருப்பார்கள். தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள் கடைசிச் சுவரோடு நிற்பார்கள். இப்படி நிற்க வேண்டுமென்று எங்கும் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் ஒரு பிழையாவது கண்டுபிடித்திருப்பேன்.

சென்ற ஆண்டுப் பரிசளிப்பு விழாவில், எல்கடுவத் தோட்டத்து ராசம்மா இந்த ஒழுங்கை அறியாமல் இரண்டாம் வரிசையில் போய் அமர்ந்துவிட்டார். அவருடைய மகள் மேனகாவுக்குக் கட்டுரையில் முதற்பரிசு. காலையில் கொழுந்து பறித்துவிட்டு மலையிறங்கி வந்த களைப்பும் இருந்திருக்கும். பெயர் அழைக்கப்படும் நேரத்தில் ஒரு தொண்டர் வந்து, அது அழைக்கப்பட்டவர்களின் கதிரை என்று அவரை எழுப்பிவிட்டார். அவர் பின்சுவரைச் சென்றடைவதற்குள் மேனகா பரிசை வாங்கி இறங்கிவிட்டாள். வெறுமையாய்க் கிடந்த அந்தக் கதிரையில் விழா முடியும்வரை எவரும் அமரவில்லை.

இவ்வாண்டு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதித் தரும்படி நல்லையா தமிழாசிரியனான என்னைக் கேட்டார்.

"ராஜா நாடகமா இருக்கணும் மாஸ்டர். சண்டையும் வேணும், பக்தியும் வேணும். சபை பொறுமையா இருக்காது, நாலு காட்சிக்கு மேல போகக் கூடாது."

அரசர், சண்டை, பக்தி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த கதை என்னிடம் இருந்தது. அசாமிலே அகோம் மன்னர்கள் ஆண்ட காலத்தில் மோவாமாரியர் என்றொரு வைணவக் கூட்டத்தார் இருந்தார்கள். படகோட்டியும் நெசவாளியும் யானை பிடிப்பவனும் அவர்களுடைய மடத்தில் ஒரே வரிசையில் இருந்து நாமம் பாடினார்கள். கடவுளையும் குருவையும் வணங்குவார்கள். வேறு எவருக்கும் தலை குனியமாட்டார்கள். ஒருமுறை யானைகளைத் திறையாகக் கொண்டுவந்த அவர்களுடைய ஆட்கள், வழியில் பேரமைச்சரைக் கண்டு வணங்காமல் நேரே அரசரிடம் போய் ஒப்படைத்துவிட்டார்கள். வரிசை தப்பிய மரியாதை. அமைச்சர் சினந்து, ராகா என்பவனைக் கசையால் அடிப்பித்தார். அந்த அடியிலிருந்து கிளம்பிய கலகம் 1769ஆம் ஆண்டில் அரசரையே அரியணையிலிருந்து இறக்கிச் சிறைவைத்தது. பெண்களும் ஆயுதம் ஏந்தினார்கள்.

முடிவு மகிழ்ச்சியானதன்று. சித்திரைத் திருநாளில் அரண்மனைப் பெண்கள் ராகாவுக்குத் துணி போர்த்தி மரியாதை செய்ய வந்தார்களாம். எவருக்கும் குனியாதவன் அந்த மரியாதைக்குக் குனிந்தான். குனிந்த கழுத்தில் வாள் விழுந்தது. வீசியவள் அரசி என்பார்கள். அந்த அரசியின் பெயர் குரங்கநயனி. குரங்கம் என்றால் வடமொழியில் மான். மாத்தளை மேடையில் அந்தப் பெயரைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே மான்விழி என்று மாற்றினேன்.

நகரத்து உறுப்பினர்கள் ஒத்திகைக்கு வரமாட்டார்கள். ஆகவே எல்கடுவையில் முச்சக்கரவண்டி ஓட்டும் உதயராஜைத் தேடிப் போனேன். ஆண்டுதோறும் தோட்டத்தில் காமன் கூத்து ஆடும் குழு அவனுடையது. பகலில் குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக் காம்பராவில், அவர்கள் வீடு திரும்பிய பின்பு, கதையைச் சொன்னேன். ராசம்மா வாசற்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அசாம்னா அங்கயும் தேயிலதானேங்க சேர்?" என்றான் உதயராஜ்.

"அப்போது இல்லை. தேயிலை பின்னால் வந்தது."

"அப்ப சம்பளப் பிரச்சினையும் இல்ல. பொறகு எதுக்கு சண்ட போட்டாங்க?"

"குனியச் சொன்னதற்காக."

ராசம்மா, "அந்தக் கூட்டத்துல பொம்பளைங்க பாத்திரம் இருக்குங்களா?" என்று கேட்டார்.

ராதா என்றொரு போர்ப்பெண் இருந்தாள் என்றேன்.

"அவ மேடையில உக்காருவாளா?"

"நிற்பாள். வாளோடு நிற்பாள்."

"நிக்கிறது நமக்கு எங்க போனாலும் கெடைக்குதே சேர்," என்றார். ஆனாலும் பாத்திரத்தை ஏற்றுக்கொண்டார். மேனகா மான்விழி அரசியானாள். உதயராஜ் ராகா.

எஞ்சியது அரியணை. சிவப்புக் கதிரையை மேடைக்குத் தரும்படி கேட்க உதயராஜும் நானும் புடைவைக்கடைக்குப் போனோம்.

"அது எப்படி மாஸ்டர்? கதிரை மேடைக்குப் போனா நான் எங்க உக்காருறது?" என்றார் நல்லையா.

நான் வாய்திறப்பதற்குள் உதயராஜ், "நீங்களும் மேடைக்கே வந்துருங்களேன் தலைவர். உங்கள விட்டா ராஜாவுக்கு வேற யாரு?" என்றான்.

நல்லையா அளவுகோலைக் கீழே வைத்தார். "வசனம் நெறைய இருக்கா?"

"ஒன்றுமில்லை," என்றேன். "அரசர் பேசமாட்டார். அவருக்காக மற்றவர்கள் பேசுவார்கள்."

"அதுதான் முறை. ராஜா எவ்வளவு நேரம் மேடையில இருப்பாரு?"

"தொடக்கம் முதல் இறுதிவரை."

"கடைசியில ஜெயிக்கிறது?"

"நான்காம் காட்சியில் அரியணை அரசருக்கே திரும்புகிறது."

திரும்புவதென்றால் இடையில் எங்கோ போயிருக்க வேண்டும் என்பதை அவர் கவனிக்கவில்லை. கேட்கப்படாத வினாவுக்கு விடையளிப்பது எனக்குப் பழக்கமில்லை. எழுத்துப் பிரதியை நீட்டினேன். வசனமில்லாதவருக்குப் பிரதி எதற்கு என்றார். ஒத்திகைக்கு அழைத்தேன். ராஜாவுக்கு ஒத்திகையா என்று சிரித்தார். வண்டியில் திரும்பும் வழியெல்லாம் உதயராஜ் சீழ்க்கையடித்துக்கொண்டே வந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் விழா நடந்தது. நல்லையா முன்னதாகவே வேடமிட்டு வந்துவிட்டார். பட்டு வேட்டி, ஒட்டுமீசை, கிரீடம். மங்கல விளக்கைக் கிரீடத்தோடு ஏற்றினார். தலைமையுரையையும் கிரீடத்தோடு நிகழ்த்தினார். அவ்வுரையில் எழுவாயும் பயனிலையும் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை. அது இக்கதைக்கு வேண்டாம். பிரதம விருந்தினராக வந்திருந்தவர் பதுர்தீன் ஹாஜியார்; கறுவா, கராம்பு போன்ற வாசனைப் பொருட்களில் வணிகம் செய்பவர். பருத்த உடலும் மெல்லிய குரலும் கொண்ட அவர் முன்வரிசையில் தனியாக இருந்தார். அவருக்கு இருபுறமும் வெள்ளை உறைகள். பின்சுவரோடு, நாடகம் பார்ப்பதற்காக இரண்டு லொறிகளில் வந்திறங்கிய எல்கடுவச் சனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

திரை விலகியது. சிவப்புக் கதிரையில் நல்லையா வீற்றிருந்தார். யானைகளை அரசரிடம் நேரே ஒப்படைத்த குற்றத்துக்காக ராகா அடிபட்டபோது அவர் தலையை ஆட்டி ஆமோதித்தார். அது எழுதப்படாத நடிப்பு. இரண்டாம் காட்சியில் மடத்தார் ஒரே வரிசையில் இருந்து நாமம் பாடினார்கள். மெட்டு காமன் கூத்து மெட்டு. பின்சுவர் முழுவதும் கைதட்டியது.

மூன்றாம் காட்சியில் கலகக்காரர்கள் வாளோடு புகுந்தார்கள்.

"அரசே, அரியணையை விட்டு இறங்கு," என்றான் உதயராஜ்.

நல்லையா புன்னகை மாறாமல் இருந்தார்.

"இறங்கு என்கிறேன்."

"நீங்க நடிங்க தம்பி, நான் இங்கயே இருக்கேன்," என்று ஒட்டுமீசைக்குள் முணுமுணுத்தார்.

கொழுந்து மூட்டை தூக்கிப் பழகிய இருவர் அவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கினார்கள். அரசர் ஓரிரு கணம் காற்றில் நடந்தார். மேடை விளிம்பில் விரித்திருந்த பாயில் மிக்க மரியாதையோடு இருத்தி, கைகளை ஒரு துண்டால் கட்டினார்கள். கிரீடம் உருண்டு ஹாஜியாரின் காலடிக்குப் போயிற்று. அவர் அதை எடுத்துத் துடைத்து, பக்கத்து வெள்ளை உறையின்மேல் வைத்தார்.

அடுத்ததாக ராகா தன் வாளை வெறும் அரியணையின்மேல் கிடத்தி, "இதில் இனி எவரும் அமரப்போவதில்லை" என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் எழுதியிருந்தேன். அவன் வாளை உயர்த்தினான். அதற்குள் ராசம்மா நடந்து போய்ச் சிவப்புக் கதிரையில் அமர்ந்துவிட்டார்.

நன்றாகச் சாய்ந்து அமர்ந்தார். கைகள் இரண்டையும் சிங்கத்தலைகளின்மேல் வைத்தார். உதயராஜ் தூக்கிய வாளோடு என்னைப் பார்த்தான். நான் பக்கத்திரைக்குள் நின்று பிரதியைப் புரட்டினேன். அதில் ஒன்றும் இல்லை.

நல்லையா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "சரி, நாடகம் இனிதே நிறைவுற்றது. எல்லாரும் எழும்பலாம்."

நாலைந்து பேர் எழுந்தார்கள். ஹாஜியார் இருந்தபடியே கையை உயர்த்திச் சுவரைக் காட்டினார்.

"தலைவர், ரூல் ஒண்டு ஈக்கிதே. சிவப்புக் கதிரையில ஈக்கிறவங்க எழும்பல்லயே இன்னும்."

"ஹாஜியார், அது எனக்காக எழுதினது."

"உங்கட பேரு அதுல இல்லயே. நானும் ரெண்டு தரம் வாசிச்சுப் பாத்தேன்."

எழுந்தவர்கள் அமர்ந்துவிட்டார்கள். இப்போது சபையில் நின்றுகொண்டிருந்தவர்கள் பின்சுவர்ச் சனங்களும் நல்லையாவும் மட்டுமே.

"நீங்களும் இருங்களேன் தலைவர். ரூல் எல்லாருக்கும்தானே," என்றார் ஹாஜியார்.

நல்லையா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பாயிலேயே அமர்ந்தார்.

"ஏம்மா, எழும்பு. வெளயாட்டு போதும்," என்றார் அங்கிருந்தபடி.

"எழும்புறேங்க," என்றார் ராசம்மா. "பின்னுக்கு நிக்கிறவங்க முன்னுக்கு வந்து அந்த வெள்ளக் கதிரைங்கள்ல உக்காரட்டும். ஒடனே எழும்பிர்றேன்."

"அது அழைக்கப்பட்டவங்க கதிரை."

"அவங்க வரலீங்களே."

"வருவாங்க."

"அப்ப வரட்டுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. இது நல்லா மெத்துனு இருக்கு."

பின்சுவரில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னேறியது. சிற்றுண்டி அறையின் கதவு சற்றே திறந்து, சமையற்காரர் புஹாரியின் தலை எட்டிப் பார்த்தது.

"வட ஆறுது. ரோல்ஸும் ஆறுது. என்ன செய்ய?"

"கதவ மூடு," என்றார் நல்லையா. ஆனால் மணம் அதற்குள் வெளியேறிவிட்டது. உறுப்பினர்கள் பலர் முதன்முறையாகப் பின்னால் திரும்பி, நிற்பவர்களைப் பார்த்தார்கள். "வந்து உக்காந்தா என்னவாம்?" என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். பசி அவரை நியாயவானாக்கிவிட்டது.

நல்லையா புடைவை வணிகர்; மறுக்கும் வாடிக்கையாளரிடம் அடுத்த துணியை விரிக்கத் தெரிந்தவர். அவர் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். குரலில் தேன் வழிந்தது.

"பெரியோர்களே, இன்னைக்கு ராதாவா நடிச்ச நம்ம ராசம்மா அக்காவுக்கு, சிறந்த நடிகைக்கான பொன்னாடையை மன்றத்தின் சார்பா நானே போர்த்துறேன். அக்கா, எழும்பி இப்படி முன்னுக்கு வாங்க."

அதுவரை அவர் எந்தத் தோட்டத்துப் பெண்ணையும் அக்கா என்று அழைத்து நான் கேட்டதில்லை. தொண்டர் ஒருவர் சரிகைப் பொன்னாடையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். புகைப்படக்காரர் மேடையேறினார். சபை கைதட்டியது. மகளின் பரிசைப் பார்க்கவிடாமல் எழுப்பிய அதே மண்டபம், இப்போது தாயைப் பரிசு காட்டி எழுப்பப் பார்த்தது. ராசம்மாவின் கைகள் சிங்கத்தலைகளைவிட்டு விலகின. அவர் சற்றே முன்னால் நகர்ந்தார்.  ராகா குனிந்ததும் இப்படியொரு துணிக்குத்தான்.

பக்கத்திரையில் என் அருகே மேனகா மான்விழி வேடத்தில் நின்றிருந்தாள். நான்காம் காட்சியில் ராகாவுக்குப் போர்த்த வேண்டிய துணி அவள் கையில் மடித்தபடி இருந்தது. ராசம்மா திரும்பி மகளைப் பார்த்தார். அந்தத் துணியையும் பார்த்தார். நல்லையாவின் கையிலிருந்த துணியைப் பார்த்தார்.

பிறகு முன்போலவே சாய்ந்து அமர்ந்தார்.

"தலைவரே, நாலாங்காட்சி எனக்கும் பாடந்தாங்க. உக்காந்தபடியே இருக்கேன். நீங்க போத்துங்க."

உதயராஜ் சிரிப்பை அடக்க மாட்டாமல் வாளால் முகத்தை மறைத்தான்.

நல்லையா பிரதியை வாசித்திருந்தால் திரும்பிப் போயிருப்பார். அவரோ பொன்னாடையை விரித்துக்கொண்டு கதிரையின் பின்புறம் போனார். ஆளுயர முதுகு, சபைக்கு அவருடைய விரல்நுனிகள் மட்டுமே தெரிந்தன. பக்கவாட்டில் முயன்றார், சிங்கத்தலை இடித்தது. கடைசியில் முன்னால் வந்தார். அமர்ந்திருப்பவரின் தோளைச் சுற்றி ஒரு துணியைப் போர்த்த வேண்டுமானால் நிற்பவர் என்ன செய்ய வேண்டுமோ, அதை அவர் செய்தார். இடுப்பை வளைத்து, கழுத்தைத் தாழ்த்தி, எல்கடுவ ராசம்மாவின் முன் நன்றாகக் குனிந்தார். ஒட்டுமீசையின் ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

புகைப்படக்காரர் தம் கடமையைச் செய்தார்.

"நல்ல படம்," என்றார் ஹாஜியார். "இன்னொண்டு எடுங்க. தலைவர், அப்படியே கொஞ்சம் இருங்க."

மண்டபம் அதிர்ந்தது. குனிந்தபடியே நல்லையா சபையைத் திரும்பிப் பார்த்தார். உறுப்பினர்கள்தாம் அதிகம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ராசம்மா சிரிக்கவில்லை. நல்லையாவின் காதருகே மெல்லக் கேட்டார்:

"இப்ப அவங்க உக்காரலாங்களா தலைவரே?"

நல்லையா நிமிர்ந்தார். மீசையை முழுவதுமாகப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒலிவாங்கியில்லாமல், தம் சொந்தக் குரலில் பின்சுவரைப் பார்த்துச் சொன்னார். "வாங்கப்பா. வந்து உக்காருங்க."

முதலில் எவரும் அசையவில்லை. பிறகு ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். உறை போட்ட கதிரையை ஹாஜியார் தட்டிக் காட்டியதும் அவர் அதன் நுனியில் அமர்ந்தார். அப்புறம் அணை உடைந்தது. எல்கடுவத் தோட்டம் முன்னிரண்டு வரிசைகளையும் நிரப்பிற்று. ஒரு பெண் வெள்ளை உறையின் ஓரத்தைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அடியே, உள்ளுக்கு பிளாஸ்டிக் கதிரடி. எங்க வீட்டுல கெடக்குற மாதிரியே."

"கால் வேற ஒடஞ்சிருக்கு, மெதுவா உக்காரு," என்றார் பக்கத்திலிருந்தவர்.

கிரீடத்துக்கும் இடம் போதவில்லை. ஹாஜியார் அதைத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

வாக்குத் தவறாத ராசம்மா எழுந்தார். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, சபையை நோக்கிக் கைகூப்பினார். விதிப்படி எல்லாம் நிறைவேறிற்று. புஹாரி கதவை அகலத் திறந்தார். நகரத்து உறுப்பினர்கள் எழுந்து ஓடினார்கள்.

முன்வரிசையில் எவரும் எழவில்லை.

"எழும்பலாமே, சாப்பாடு அங்க இருக்கு," என்றார் நல்லையா.

"இருக்கட்டுங்க தலைவர்," என்றார் செருப்பைக் கையில் வைத்திருந்த கிழவர். "இப்பத்தானே உக்காந்தோம். நாடகத்துல ஒரு காட்சி பாக்கி இருக்காமே, அதையும் போடச் சொல்லுங்க."

நல்லையா என்னைத் தேடி வந்தார். "மாஸ்டர், நாலாங்காட்சியில கதிரை ராஜாவுக்கே திரும்பிரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ராகா குனிந்தால் திரும்பும்," என்றேன். "இங்கே குனிந்தவர் வேறொருவர். அதற்கு நான் வசனம் எழுதவில்லை."

அவர் மேடையைப் பார்த்தார். சிவப்புக் கதிரை வெறுமையாகத்தான் இருந்தது. ஏறிப் போய் அமர்ந்திருக்கலாம். ஆனால் சபை முழுவதும் மேடைக்கு முதுகைக் காட்டி, எழாதவர்களுக்காக வடைத்தட்டோடு வெளியே வந்த புஹாரியை வரவேற்றுக்கொண்டிருந்தது. புஹாரி முன்வரிசையிலிருந்துதான் பரிமாறத் தொடங்கினார். தட்டு இரண்டாம் வரிசையையும் கடந்து பின்னால் போயிற்று. பின்சுவரோடு நின்றால்தான் கிடைக்கும் என்று கண்ட நல்லையா, மெல்ல அங்கே போய் நின்றுகொண்டார்.

இரண்டாம் வரிசையில், சென்ற ஆண்டு எழுப்பப்பட்ட அதே இடத்தில், பொன்னாடையோடு ராசம்மா இருந்தார். பக்கத்தில் அரசி வேடம் கலைக்காத மேனகா, கையிலிருந்த நான்காம் காட்சித் துணியை மடியில் விரித்து, அதன்மேல் வடையை வைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.